யாதவியின் முழங்கால்

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் ஒரு விஷயத்தை மூன்று வருடம் ஒளித்து வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. ஒரு தமிழ் வீட்டில் புது சோபா வந்து இறங்கினால் அதன் நிறமும் விலையும் பின்னேரத்துக்குள் சூரிச் வரை போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கஜலக்சுமி, தன் மகள் யாதவியின் வலது முழங்காலில் நடந்த ஒப்பரேசனைக் காதும் காதும் வைத்தாற்போல் மூடி வைத்திருந்தாள். இந்த நாட்டு வங்கிகள் ரகசியம் காப்பதில் பேர்போனவை என்கிறார்கள். அந்த வங்கிக்காரர்கள் கஜலக்சுமியிடம் வந்து கொஞ்சநாள் வேலை பழகிவிட்டுப் போகலாம்.

காரணம் கலியாணம்தான், வேறென்ன. முழங்காலில் கத்தி வைத்த பெண் என்று ஒரு சொல் வெளியே போனால், அது பீல் நகரைப் போய்ச் சேரும்போது 'நொண்டுகிறாளாம்' என்று ஆகும். லண்டனைத் தாண்டிக் கனடாவுக்குப் போகும்போது கால் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிடும். போதாக்குறைக்கு யாதவி ஆறடி உயரம். மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பிய படங்களில் எல்லாம் அவள் உட்கார்ந்தே இருந்தாள். ஆனால் உயரத்தை எத்தனை நாள் உட்காரவைக்க முடியும்? என்றைக்காவது எழும்பித்தானே ஆகவேண்டும். முழங்காலையாவது மறைக்கலாம் என்று கஜலக்சுமி முடிந்ததைச் செய்தாள்.

யாதவி சின்ன வயதிலேயே லுட்சேர்ன் பக்கத்து கிளப் ஒன்றில் கூடைப்பந்து விளையாடப் போனவள். அந்தப் பந்து அவளை அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோனது. சோளக்காடுகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கல்லூரி. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் துள்ளி இறங்கும்போது முழங்கால் சவ்வு கிழிந்தது. அங்கேயே ஒப்பரேசன் நடந்தது. அந்த விளையாட்டுப் பருவம் முழுக்க அவள் பந்தைத் தொடவில்லை.

ஊரில் கேட்டவர்களுக்குக் கஜலக்சுமி, "இந்த வருசம் படிப்புக் கூட, அதாலை விளையாட்டைக் கொஞ்சம் நிப்பாட்டி வைச்சிருக்கிறா" என்றாள். கணவர் தம்பித்துரைக்கும் அதே வசனத்தை மனப்பாடம் செய்யவைத்தாள். அவர் இரும்பு ஆலையில் வேலை செய்கிறவர். கொடுத்த வசனத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லக்கூடிய மனுஷன். விடுமுறைக்கு யாதவி வந்து நின்ற ஜூலை மாதத்தில் ஊரே ஏரிக்கரையில் காலை நீட்டிப் படுத்திருந்தது. யாதவி மட்டும் கணுக்கால் வரை காற்சட்டை போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகினாள்.

இப்போது அவள் பட்டம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். மேற்கொண்டு என்ன என்பதை யாதவி தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்த ஒரு பின்னேரம் முழுக்கப் பிடித்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் ஒருத்தி நாலு பருவம்தான், அதாவது நாலு வருடம்தான், விளையாடலாம். காயத்தால் ஒன்று போனால், ஆதாரம் காட்டி அதைத் திருப்பி வாங்கலாம். ஆகவே யாதவிக்கு ஒரு பருவம் மிச்சம் இருந்தது. பட்டதாரியாகிவிட்டதால் அதை வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மாறிப்போய் விளையாடலாம். விளையாடினால் மேற்படிப்பு இலவசம். மாற விரும்புகிறவர்கள் ஒரு இணையத்தளத்தில் பெயரைப் பதியவேண்டும். பயிற்சியாளர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தேடி வருவார்கள்.

"அப்ப கலியாண வெப்சைட்தானே," என்றார் தம்பித்துரை, எல்லாம் விளங்கியவராக.

"ஒரு வருசத்துக்கு மட்டும் எடுத்துப்போட்டு விட்டிடுவினமோ?" கஜலக்சுமிக்கு அது பிடிக்கவில்லை.

ஆனால் பெயர் பதிந்த அன்றே போன் அடிக்கத் தொடங்கியது. கலியாணச் சந்தையில் ஆறடி என்றதும் போனை வைத்தார்கள். இந்தச் சந்தையில் ஆறடி என்றுதான் போனை எடுத்தார்கள். முன்பின் தெரியாத பெண்கள் எல்லாம் "உன்னை எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாகப் பார்க்கிறோம்" என்றார்கள். "வேறு இடத்தில் பேசி முடித்துவிடாதே" என்றார்கள். இத்தனை வருடமாகக் கஜலக்சுமி கேட்கத் தவம் கிடந்த வசனங்கள் அவ்வளவும் வந்தன, இங்கிலீஷில்.

யாதவி விரும்பியது ஒரே இடத்தை. ஒஹாயோவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். அங்கேதான் அவள் படிக்க ஆசைப்பட்ட படிப்பு இருந்தது, விபத்தில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து பொருத்துகிற படிப்பு. ஒப்பரேசன் கட்டிலில் படுத்திருந்தபோது பிடித்த ஆசை அது. அணியில் எடுத்தால் படிக்கலாம், எடுக்காவிட்டால் அந்தப் படிப்புக்குக் காசு கட்டக்கூடிய குடும்பம் இது இல்லை. அணியில் இருந்ததோ ஒரு இடம்.

ஆட்களைத் தேடிப் பிடிப்பது அந்த அணியின் துணைப் பயிற்சியாளர் மேகனின் வேலை. யாரையோ பார்க்க ஜெர்மனிக்கு வந்தவள், வாடகைக் கார் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு பின்னேரம் எம்மன்புரூக்கேக்கும் வந்து சேர்ந்தாள். குடும்பத்தைப் பார்க்காமல் யாரையும் எடுப்பதில்லையாம்.

குடும்பத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் கஜலக்சுமிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வடை சுட்டாள், கேசரி கிண்டினாள், சாமிப்படத்துக்குப் புதுப் பூ வைத்தாள். யாதவிக்கு நீளப் பாவாடையை எடுத்து நீட்டினாள். யாதவி அதை வாங்கிக் கட்டிலில் போட்டுவிட்டு ஜீன்ஸோடு வந்து உட்கார்ந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. மேகன் வடையை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டாள், தம்பித்துரையின் ஆலையைப் பற்றி விசாரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது. கீழ்வீட்டு ஹெர் பூஹர். தன்னுடைய பார்க்பிளாட்ஸில், தான் கார் விடும் இடத்தில், ஒரு வெளிநாட்டுக் கார் நிற்கிறது, அது யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் அந்த மனுஷனால் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க முடியவில்லை. யாதவி சாவியை வாங்கிக்கொண்டு காரை மாற்றக் கீழே இறங்கினாள்.

மேகன் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள். முழங்காலில் ஒப்பரேசன் நடந்த அந்த வருடம் இந்தக் குடும்பத்துக்கு எப்படி இருந்தது?

நல்ல மனதோடு கேட்ட கேள்வி. ஆனால் கஜலக்சுமியின் நிலையில் வைத்துப் பாருங்கள். முன்னால் வடைத் தட்டம். எதிரே கையைக் கட்டிக்கொண்டு ஒரு அந்நியப் பெண். பிள்ளை அறையில் இல்லாத நேரம் பார்த்துச் சுகம் பற்றி ஒரு விசாரணை. மூன்று வருடம் இந்தக் கேள்விக்காகவே பழக்கி வைத்த நாக்கு, அவளைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது.

"நோ," என்றாள் கஜலக்சுமி. "நோ ஒப்பரேசன். லெக் வெரி குட். வெரி ஹெல்தி கேர்ள்."

மேகன் தம்பித்துரையைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு சொல் கூட்டிப் பேசாத மனுஷன், அன்றைக்கென்று கூட்டினார். "ஓல் ஃபமிலி ஹெல்தி. மை வைஃப், ஓல்வேஸ் ஹெல்தி. நெவர் ஹொஸ்பிற்றல்."

மேகன் கதிரையைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள். யாதவி திரும்பி வந்ததும் இன்னும் கொஞ்சநேரம் இருந்து கதைத்துவிட்டு, எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

"நல்லாச் சமாளிச்சிட்டம்," என்றாள் கஜலக்சுமி குசினிக்குள் போய்.

"ஓம்," என்றார் தம்பித்துரை. ஒரு நிமிடம் கழித்து, "ஆனா அவவுக்கு அது தெரியுமெல்லோ?" என்றார். கஜலக்சுமி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஒவ்வொரு நாளும் யாதவிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த மேகன் அதன்பிறகு வாயே திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நீளமாக ஒன்று வந்தது. யாதவி அதைக் குசினி மேசையில் வைத்துத் தமிழில் படித்துக் காட்டினாள். நீ சொல்வதும் உன் குடும்பம் சொல்வதும் பொருந்தவில்லை. உன் பழைய கிளப்பிலும் விசாரித்தேன், முழங்காலில் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறார்கள். மருத்துவ அறிக்கை என்னிடம் இருக்கிறது. ஆனால் ஒரு பருவத்தைத் திருப்பி வாங்குவதற்காக அறிக்கை தயாரித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வருடம் உன்னை எதற்காக வெளியே உட்கார வைத்தார்கள்? வெள்ளிக்கிழமை நான் முடிவு சொல்லவேண்டும். இன்னொருத்தியும் காத்திருக்கிறாள்.

யாதவி போனைக் கவிழ்த்து வைத்தாள். "அம்மா, அவவுக்கு என்ன சொன்னனீங்கள்?"

கஜலக்சுமி சொன்னாள். பூசி மெழுகாமல் சொன்ன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

"அந்த ஒப்பரேசன் இல்லாட்டி எனக்கு இந்த வருசமே இல்லை அம்மா," என்றாள் யாதவி. அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் கஜலக்சுமியைப் பயப்படுத்தியது. "மற்றப் பிள்ளையளுக்கு வீடு, நகை எண்டு குடுக்கினம். எனக்கு இந்தக் கால்தான் சீதனம். அதையும் இல்லை எண்டு சொல்லி அனுப்பிப் போட்டியள்."

கஜலக்சுமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேகனிடம் இப்போது உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் தாய் ஒருத்தி மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள், கிளப்பும் அல்லவா மாற்றிச் சொல்லவேண்டும். கிளப் என்றால் சரணியா. அந்த மகளிர் அணியின் பொறுப்பாளர் அவள்தான், அவளிடமும் கஜலக்சுமி அதே படிப்புக் கதையைத்தான் அளந்திருந்தாள். இதில் இன்னொரு சிக்கல். பீலில் ஒரு இடம் கைகூடி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை மதுஷன் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் நல்ல வேலை, யாதவியைவிட இரண்டு அங்குலம் உயரம். அப்படி ஒரு தமிழ் மாப்பிள்ளை ஐரோப்பாவிலேயே இன்னொருவன் இருப்பானா தெரியாது. சரணியா அந்த மதுஷனின் ஒன்றுவிட்ட அக்கா.

அடுத்தநாள் வேலை முடிந்து, முதியோர் இல்லக் குசினியின் வெள்ளை உடுப்பைக்கூட மாற்றாமல், கஜலக்சுமி ரொய்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து சரணியா வீட்டுக்கு நடந்தாள். பாலத்தில் இரண்டு தரம் நின்றாள். ஒரு சொல்லில் மூன்று வருட உழைப்பும் ஆறடி இரண்டு அங்குல மாப்பிள்ளையும் போகப்போகிறது. மகளின் படிப்பை நினைத்து மறுபடி நடந்தாள்.

"சரணியா, உமக்கு ஒண்டு சொல்லோணும்," என்றாள் வாசலிலேயே. "யாதவிக்கு முழங்காலிலை ஒப்பரேசன் நடந்தது. நான் மறைச்சுப்போட்டன். நீர் இதை ஆருக்கும் சொல்லலாம். அந்த அமெரிக்கப் பொம்பிளைக்குக் கட்டாயம் சொல்லோணும்."

சரணியா அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். "தெரியுமக்கா."

"என்ன தெரியும்?"

"கால் விஷயம். யாதவி ஊன்றுகோலோடை நிண்டு கை தட்டிற படத்தை அந்தக் கல்லூரி அப்பவே இன்ஸ்டகிராமிலை போட்டதெல்லோ. சுவிஸிலை இருக்கிற எங்கடை பிள்ளையள் எல்லாரும் பாத்தவை. மதுஷன் ஹார்ட் கூடப் போட்டவன்."

கஜலக்சுமிக்கு இன்ஸ்டகிராம் இல்லை. மூன்று வருடமாக அவள் கதவைப் பூட்டிக் காவல் இருந்த வீட்டுக்குப் பின்பக்கம் சுவரே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. "பேந்து ஏன் ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீங்கள் மறைக்கிறீங்கள் எண்டு விளங்கினது. தாய் மறைக்கிறதை நாங்கள் ஏன் கிண்டுவான் எண்டு விட்டிட்டம்."

"அப்ப அவ கேக்கேக்கை ஏன் இல்லை எண்டு சொன்னனீர்?"

சரணியா தலையில் கைவைத்தாள். "ஒரு வெள்ளைக்காரி எடுத்து, பிள்ளை என்ன மாதிரி, தாய் தகப்பன் என்ன மாதிரி, கால் என்ன மாதிரி எண்டு கேட்டா. கோச் எண்டுதான் சொன்னவ. ஆனா இப்ப ஆரக்கா நேரே விசாரிக்கினம்? போன மாதம் ஒருத்தி இன்சூரன்ஸ் எண்டு எடுத்து, கடைசியிலை பாத்தா மாப்பிளையின்ரை சித்தி. இவவும் மகனுக்குத்தான் பாக்கிறா எண்டு நினைச்சன். எங்கடை மதுஷனுக்குப் பேசிற பிள்ளை எண்டாலும், கேக்கிற இடத்திலை உங்கடை பேரை நான் கெடுப்பனோ? ஒரு குறையும் இல்லை எண்டன்."

கஜலக்சுமிக்குச் சிரிப்பு வந்தது, பின்னால் அழுகையும் வந்தது. ஒரு ஊரே சேர்ந்து, அவளுக்குத் தெரியாமல், அவளுடைய பொய்யை அவளுக்காகக் காப்பாற்றியிருக்கிறது. அந்த நல்ல மனதால் மகளின் படிப்பு போகப்போகிறது. யாரைப் போய்த் திட்டுவது? சரணியா அங்கேயே மேசையில் இருந்து மேகனுக்கு எழுதினாள், ஊன்றுகோல் படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

மேகன் திருப்பி ஒரே ஒரு வரி எழுதினாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் பெற்றோரோடு வீடியோவில் பேசவேண்டும்.

கஜலக்சுமி வேலையில் அரைநாள் லீவு எடுத்தாள். குசினி மேசையில் மடிக்கணினி, அதன் முன்னால் மூன்று பேர். இந்தமுறை வடை இல்லை. திரையில் மேகன் சிரிக்காமல் வணக்கம் சொன்னாள். தன் இங்கிலீஷை நம்பாமல் கஜலக்சுமி மகளிடம் தமிழில் சொன்னாள். "நான் பொய் சொன்னனான். ஒப்பரேசன் நடந்தது உண்மை. வெளியிலை தெரிஞ்சால் கலியாணம் குழம்பும் எண்டு எல்லாருக்கும் மறைச்சனான். உங்களுக்கும் வாய்ப்பழக்கத்திலை சொல்லிப்போட்டன். பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை எண்டு சொல்லு."

யாதவி சொன்னாள். மேகன் "கலியாணத்துக்காகவா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு இன்னொன்றைக் கேட்டாள். ஒப்பரேசன் அன்று யாதவியோடு கூட இருந்தது யார்?

யாதவி அதைத் தாய்க்கு மொழிபெயர்க்கவில்லை. தானே பதில் சொன்னாள், அவசரமாக. இங்கிலீஷ் முழுக்க விளங்காவிட்டாலும் நடுவே வந்த சொற்கள் கஜலக்சுமிக்கு விளங்கின. மை மதர் என்றாள். ஹார்ட் என்றாள். ஹொஸ்பிற்றல் என்றாள். தம்பித்துரை திடுக்கிட்டு மனைவியின் நெஞ்சைப் பார்த்தார், தனக்குச் சொல்லாமல் ஏதும் இருக்கிறதோ என்று.

தன் தொழிலை இன்னொருத்தி செய்யும்போது கஜலக்சுமிக்குத் தெரியாமல் போகுமா? தாய் ஏன் வரவில்லை என்று அங்கே எல்லோரும் கேட்டிருப்பார்கள். பிள்ளை தாயைக் காட்டிக் கொடுக்காமல் ஒரு நோயைக் கட்டி விட்டிருக்கிறாள். மூன்று வருடமாக அதைக் கட்டிக் காத்தும் வந்திருக்கிறாள். இப்போதும், எல்லாம் போகப்போகிற இந்த நேரத்திலும், அதையே திரும்பச் சொல்கிறாள்.

"நோ," என்றாள் கஜலக்சுமி.

"அம்மா, விடுங்கோ."

"நோ சிக். ஐ நோ சிக்." அவள் திரைக்குக் கிட்டப் போனாள். "டோட்டர் லை. ஃபோ மீ, லை. ஐ ஸ்டே ஹோம். ஐ கோ அமெரிக்கா, பீப்பிள் ஆஸ்க், வை யூ கோ? சோ ஐ நோ கோ."

சொல்லி முடித்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை பொய்யிலும் வராத வெட்கம். லீவு கிடைத்திருக்கும். டிக்கெட்டுக்கும் வழி இருந்தது. அங்கே பிள்ளையின் காலைக் கிழித்த நேரம் அவள் இங்கே முதியோர் இல்லத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்னேரம் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய், யாரும் எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எல்லோரையும்விடக் கூடச் சிரித்தாள்.

மேகன் பேசும்போது யாதவி மேசையைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னாள். "உங்களுக்கு ஹார்ட் ஒப்பரேசன் நடந்தபடியால் நீங்கள் வரேல்லை எண்டு நான் இவவுக்கு முதல் நாளே சொல்லியிருந்தனான். அப்பாவெண்டால் நீங்கள் ஆஸ்பத்திரிக்கே போனதில்லை எண்டாராம். அதிலைதான் அவவுக்கு எல்லாத்திலும் சந்தேகம் வந்ததாம். அது பொய் எண்டால் காலும் பொய்யாயிருக்கும் எண்டு நினைச்சவவாம்." பிறகுதான் தலையை நிமிர்த்தினாள். "இடம் எனக்குத்தானாம். இண்டைக்கே கையெழுத்து வைக்கச் சொல்லுறா."

தம்பித்துரை இரண்டு கையையும் கூப்பித் திரையைக் கும்பிட்டார். மேகனும் என்ன ஏதென்று தெரியாமல் கும்பிட்டாள். பிறகு திரை கறுத்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பல்கனிப் பக்கம் போனார்.

தாயும் மகளும் மேசையில் இருந்தார்கள். கஜலக்சுமி தனக்குத் தெரிந்த கேள்வியையே கேட்டாள்.

"எனக்கு நெஞ்சு வருத்தம் எண்டு எத்தினை பேருக்குச் சொன்னனீ?"

"எல்லாருக்கும். கோச்மாருக்கு, ரீமுக்கு, டொக்டருக்கு."

"நம்பினவையோ?"

"ஓம்." யாதவி மடிக்கணினியை மூடினாள். "ஒப்பரேசன் முடிஞ்சு கண் முழிக்க எனக்கு அழுகை நிக்கேல்லை அம்மா. கால் நோகுதோ எண்டு நேர்ஸ் வந்து கேட்டா. இல்லை, அம்மாவுக்கு நெஞ்சு வருத்தம் எண்டன். பாவம் அந்த மனுசி, உன்ரை அம்மாவுக்கு ஒண்டும் நடக்காது, சுகமாயிடும் எண்டு சொல்லிச் சொல்லி, நான் நித்திரை ஆகுமட்டும் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா."